வனஸ்பதிக்கு எது பிறப்பிடம்?

ஒரு பொருள் எந்தத் துறைமுகத்தில் கப்பலேறியது என்பதை மட்டும் கொண்டு சுங்கத்துறை அதன் பிறப்பிடத்தைத் தீர்மானிப்பதில்லை. 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய - இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில், இறக்குமதி மூலப்பொருளால் ஆன சரக்குக்குச் சலுகை கிடைக்க அதன் மதிப்பில் குறைந்தது 35 விழுக்காடு ஏற்றுமதி நாட்டிலேயே சேர்ந்திருக்க வேண்டும்; சுங்க வகைப்பாட்டு எண்ணும் மாறியிருக்க வேண்டும்.

வகுப்பில் நான் வனஸ்பதியையே உதாரணம் காட்டுவேன். பாமாயிலுக்கு அப்போது இந்தியாவில் தீர்வை அதிகமாகவும் இலங்கையில் குறைவாகவும் இருந்தது. எனவே தென்கிழக்கு ஆசியப் பாமாயில் இலங்கையில் வனஸ்பதியாகி, இங்கே தீர்வையின்றி வந்து குவிந்தது. (ஆலை அமைத்தவர்களில் நம்மவர்களும் உண்டு.) உள்நாட்டு ஆலைகள் முறையிட, இந்தியா இறக்குமதி அளவுக்கு வரம்பு கட்டியது.

2020 முதல் பிறப்பிடச் சான்றிதழ் மட்டும் போதாது. உற்பத்தி விவரங்களை இறக்குமதியாளரே வைத்திருக்க வேண்டும். அயல்நாட்டு ஆலையின் செலவுக் கணக்கைச் சிறுவணிகர் எப்படிப் பெறுவார்? அந்தச் சுமையை அவர்மீது ஏற்றியது நியாயமன்று என்பதே என் கருத்து.