விண்வெளிக்குப் போன தெருநாய்கள்!

விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதர் யார் என்று கேட்டால், 'யூரி ககாரின்' என்று டக்கென்று சொல்லி விடுவீர்கள். அவருக்கு முன்பே அங்கு போய் வழிகாட்டியவர்கள் யார் தெரியுமா? மாஸ்கோ நகரத்துத் தெருநாய்கள்!

அப்போது ரஷ்யா, சோவியத் யூனியன் என்ற பெரிய நாட்டின் பகுதியாக இருந்தது. மனிதனை விண்வெளிக்கு அனுப்ப அந்நாட்டு விஞ்ஞானிகள் ஆசைப்பட்டனர். ஆனால், ராக்கெட் சீறிக் கிளம்பும் வேகத்தை உடம்பு தாங்குமா? எடையே இல்லாத நிலையில் இதயம் ஒழுங்காகத் துடிக்குமா? இதெல்லாம் தெரியாமல் மனிதனை அனுப்ப முடியாதே! அதனால், முதலில் நாய்களை அனுப்பிப் பார்த்தனர்.

வீட்டில் செல்லமாக வளர்ந்த நாய்களை விட்டுவிட்டு, தெருநாய்களை ஏன் பிடித்தார்கள்? கடுங்குளிரிலும், பட்டினியிலும் வளர்ந்தவை எதையும் தாங்கும் என்று நம்பினர். குறுகிய கூண்டில் பல நாட்கள் இருக்கவும், ராக்கெட்டின் சத்தத்துக்குப் பயப்படாமல் இருக்கவும் அவற்றுக்குப் பயிற்சி கொடுத்தனர்.

1951ம் ஆண்டு ஜூலை 22ம் தேதி, டெசிக், சிகான் என்ற இரு நாய்கள் சுமார் 100 கி.மீ., உயரம் வரை போய், பாராசூட் மூலம் பத்திரமாகத் திரும்பின.

திரும்பாத லைகா

அடுத்து, 1957ம் ஆண்டு நவம்பர் 3ம் தேதி, 'ஸ்புட்னிக் 2' விண்கலத்தில் லைகா கிளம்பியது. பூமியைச் சுற்றி வந்த முதல் உயிரினம் அதுதான். ஆனால், விண்கலத்தைத் திரும்பத் தரையிறக்கும் வித்தை அப்போது யாருக்கும் தெரியாது. லைகா திரும்பாது என்று தெரிந்தேதான் அனுப்பினர். புறப்படும் முன், யாஸ்தோவ்ஸ்கி என்ற விஞ்ஞானி அதைத் தன் வீட்டுக்குக் கூட்டிச் சென்று, தன் குழந்தைகளோடு விளையாட விட்டார்.

லைகா பல நாட்கள் உயிரோடு இருந்ததாகவே உலகம் நம்பியது. விண்கலத்துக்குள் வெப்பம் ஏறியதால், சில மணி நேரத்திலேயே அது இறந்துவிட்டது என்ற உண்மை, 2002ம் ஆண்டில்தான் வெளியே வந்தது.

திரும்பி வந்த தோழிகள்

1960ம் ஆண்டு ஆகஸ்ட் 19ம் தேதி, பெல்கா, ஸ்ட்ரெல்கா என்ற இரு பெண் நாய்கள் கிளம்பின. பூமியைச் சுற்றிவிட்டு, மறுநாளே உயிரோடு தரையிறங்கின! பின்னர் ஸ்ட்ரெல்கா ஆறு குட்டிகள் போட்டது. அதில் ஒன்றான புஷின்கா, அமெரிக்க அதிபர் கென்னடியின் குடும்பத்துக்குப் பரிசாகப் போனது.

பயணத்தின் நான்காவது சுற்றில் பெல்கா தவித்து, வாந்தி எடுத்தது. அதைக் கவனித்த விஞ்ஞானிகள், முதல் மனிதர் ஒரே ஒரு சுற்று சுற்றினால் போதும் என்று முடிவெடுத்தனர். அதனால்தான், 1961ம் ஆண்டு ஏப்ரல் 12ம் தேதி ககாரின் ஒரே சுற்றில் திரும்பினார்.

லைகாவுக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவரான விஞ்ஞானி ஒலெக் கசென்கோ, 1998ம் ஆண்டில் மனம் வருந்தினார். அந்த நாய் உயிரை விடும் அளவுக்கு, அந்தப் பயணத்தில் பெரிதாக எதையும் தெரிந்துகொள்ளவில்லை என்றார். 2008ம் ஆண்டில், ராக்கெட் மேல் லைகா நிற்பது போன்ற சிலை மாஸ்கோவில் திறக்கப்பட்டது.

நீங்கள் அந்த விஞ்ஞானிகளின் இடத்தில் இருந்திருந்தால் லைகாவை அனுப்பியிருப்பீர்களா? இல்லை, திரும்பி வர வழி கண்டுபிடிக்கும் வரை காத்திருந்திருப்பீர்களா? நண்பர்களோடு பேசிப் பாருங்களேன்!