பருத்தி முதல் புடவை வரை ஒரே சங்கிலி

பருத்தி விளைவிப்போரும் துணி நெய்வோரும் வெவ்வேறு தொழிலினர் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில் இருவரும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகளே ஆவர். வயலில் எடுத்த பருத்தி, கொட்டை நீக்கும் ஆலைக்கும் அங்கிருந்து நூற்பாலைக்கும் செல்கின்றது. சிட்டமாக வரும் நூல் சாயமேறி, பாவாகி, தறியேறி, புடவையாகிக் கடையை அடைகின்றது. சரக்கு இவ்வாறு முன்னோக்கி வர, பணமும் தேவை பற்றிய செய்தியும் கடையிலிருந்து பின்னோக்கிச் செல்கின்றன. இம்மூன்றையும் ஒருங்கே நடத்துவதையே வழங்கல் சங்கிலி நிர்வாகம் என்பர்.

இவற்றுள் எளிதிற் கெடுவது செய்தியே. ஓர் உதாரணம் கூறுவோம். வாரம் 100 புடவை விற்கும் கடையில், தீபாவளிக்கு முன் 110 விற்றன என்று கொள்வோம். கிராக்கி இன்னும் ஏறுமெனக் கருதிக் கடைக்காரர் 120 கேட்கின்றார். மொத்த வியாபாரி 150 கேட்கின்றார். நெசவாளரோ 200 புடவைக்கு நூல் வாங்கிவிடுகின்றார். பண்டிகை கழிந்ததும் விற்பனை 100க்குத் திரும்புகின்றது. இடையிலுள்ளோர் தம் இருப்புத் தீரும்வரை ஒன்றும் வாங்குவதில்லை. தறி நிற்கின்றது, நூலுக்கு வாங்கிய கடனின் வட்டி நிற்பதில்லை. அடுத்த பருவத்தில் பருத்தியின் விலையும் சரிகின்றது.

சாட்டையின் பிடி சிறிது அசைந்தாலும் நுனி பெரிதாக வீசுவதை ஒத்தது இது. அமெரிக்கப் பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டர் 1961இல் வெளியிட்ட நூலில் இத்தகைய ஏற்றத்தாழ்வை ஆராய்ந்து விளக்கினார். எவரும் வஞ்சனை செய்யவேண்டுவதில்லை. செய்தி தாமதித்தும் மிகைப்பட்டும் வருவதே போதும்.

இதற்கு மருந்து கண்ணிகளை இணைப்பதாகும். குஜராத்தின் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர்கள் 1946இல் ஒன்றியம் அமைத்தனர். கிராமச் சங்கம் பாலைச் சேர்க்க, மாவட்ட ஒன்றியம் பதப்படுத்துகின்றது. 1973இல் அமைந்த மாநில இணையம் விற்கின்றது. எனவே சந்தையின் தேவை கறப்போருக்கு அவர்தம் அமைப்பின் வழியாகவே தெரிகின்றது. நம் கைத்தறிச் சங்கங்களின் துணியை விற்பதற்கு 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸும் இந்நோக்குடையதே.

ஆகவே அங்கத்தினர்கள் மூன்றைக் கடைப்பிடித்தல் நலம். கடையில் உண்மையாக விற்ற எண்ணிக்கையை, ரகவாரியாக, வாரந்தோறும் சங்கப் பலகையில் எழுதச் செய்வோம். நூலைச் சிறு அளவில் அடிக்கடி வாங்குவோம். விதைத்த பரப்பையும் எதிர்பார்க்கும் மகசூலையும் காலத்தே தெரிவிப்போம். விற்ற கணக்குத் தறியடிக்கு வந்து சேருமாயின், ஊகத்திற்காக நாம் கடன்பட வேண்டியிராது.