பவளப் பாறையைப் படமெடுக்க எந்த லென்ஸ் வாங்குவது?

கொல்கத்தா நகரின் டிராமிலும் பஸ்ஸிலும் வங்காளச் சுமங்கலிகளின் கைகளில் வெண்சங்கு வளையலை நம்மவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அந்தச் சங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. பல தலைமுறைகளாக அது நம் தூத்துக்குடி, ராமநாதபுரம் கடலிலிருந்து வந்த சரக்கு. மன்னார் வளைகுடாவின் மணல் தரையில் மூச்சடக்கி மூழ்கியவர்கள் எடுத்த சங்கு, வங்காளத்துக்கு வந்து, அறுபட்டு, வளையலாயிற்று.

சங்கு இங்கே வந்து சேர்ந்தது. அது கிடந்த கடலடியை மட்டும் மூழ்கியவர்களைத் தவிர வேறு யாரும் கண்டதில்லை. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் உள்ள 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள் இருக்கின்றன. 1986-ல் அந்தப் பகுதி கடல் தேசியப் பூங்கா ஆயிற்று. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடேறியதால் அங்கே பவளங்கள் வெளுத்துப் போயின. பல மீண்டன, பல மடிந்தன. மடிந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டால், பதில் சொல்லப் படம் வேண்டும்.

1916-ல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தலைமையகம் இதே கொல்கத்தாவில்தான் இருக்கிறது. அதன் விஞ்ஞானிகள் அந்தமானிலும் மன்னார் வளைகுடாவிலும் மூழ்கிப் பவளங்களை இனம் பிரித்துப் பதிவு செய்து வருகிறார்கள். ஆனால் படமெடுப்பது விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரிய வேலை அல்ல. விடுமுறையில் அந்தமானுக்குப் போய் மூழ்கக் கற்றுக்கொண்ட குமாஸ்தாவும் அதைச் செய்யலாம். இடையில் நிற்கும் தடை பணம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது என்று தெரியாமையே பெரிய தடை.

தண்ணீர்தான் எதிரி

பனிக்காலத்தில் ரயில் இஞ்சினின் விளக்கு மூடுபனியில் என்ன ஆகிறது என்பது ரயில்வேக்காரர்களுக்குத் தெரியும். வெளிச்சம் எதிரே இருக்கும் பனியிலேயே பட்டுத் திரும்பிவிடும், தண்டவாளம் தெரியாது. கடலுக்கடியிலும் அதே கதைதான். தண்ணீரில் மிதக்கும் தூசு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. போதாததற்குத் தண்ணீர் சிவப்பு நிறத்தை விழுங்கிவிடுகிறது. ஐந்தாறு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே சிவப்பு பெரும்பாலும் மங்கி, எல்லாம் நீலமும் பச்சையுமாகத் தெரியும்.

இதற்கு ஒரே மருந்து, காமிராவுக்கும் பொருளுக்கும் நடுவே இருக்கும் தண்ணீரைக் குறைப்பது. அதாவது கிட்டப் போவது. ஆனால் சாதாரண லென்ஸோடு கிட்டப் போனால் பவளத்தின் ஒரு கிளைதான் படத்தில் விழும். அது எந்தப் பாறை, சுற்றிலும் என்ன மீன், மேலே எவ்வளவு வெளிச்சம் என்று எதுவும் தெரியாது. எனவே ஒரு சாண் தூரத்தில் நின்று, அதே சமயம் அகலமாகவும் பார்க்கும் லென்ஸ் தேவை. முன்னால் பவளம் பெரிதாக, பின்னால் அதன் ஊர் முழுவதும் தெரிய எடுப்பதுதான் கிட்ட நின்று எடுக்கும் அகலக் கோணப் படம்.

தட்டைக் கண்ணாடியா, குமிழா?

லென்ஸ் வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டியது, லென்ஸுக்கு முன்னால் வரப்போகும் கண்ணாடி. காமிராவை நீர் புகாத பெட்டிக்குள் வைத்துத்தான் இறக்குகிறோம். அந்தப் பெட்டியின் முகப்பில் உள்ள கண்ணாடிக்கு 'போர்ட்' என்று பெயர். அது தட்டையாக இருக்கலாம். அரைக்கோளக் குமிழாகவும் இருக்கலாம்.

தம்ளர் நீரில் நிற்கும் கரண்டி முறிந்ததுபோல் தெரிவது எல்லோரும் அறிந்ததே. தட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாலும் ஒளி அப்படியே வளைகிறது. பொருள்கள் கால் பங்கு கிட்டத்திலும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தோன்றும். காற்றில் 90 டிகிரி பார்க்கும் லென்ஸ், தட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீரில் சுமார் 64 டிகிரிதான் பார்க்கும். அகலத்துக்காகக் கொடுத்த காசில் பெரும்பகுதி கண்ணாடியிலேயே போய்விடுகிறது. ஓரங்களில் நிறம் பிரிந்து கலங்கலும் விழும். நண்டு, இறால் போன்ற சின்ன உயிர்களை மாக்ரோ லென்ஸால் எடுப்பவர்களுக்குத் தட்டைக் கண்ணாடி போதும். அகலத்துக்குக் குமிழ்தான்.

குமிழில் ஒரு சூட்சுமம் உண்டு. தொலைவில் உள்ள பொருள்கூட, குமிழின் ஆரத்தைப் போல் மூன்று மடங்கு தூரத்தில் இருப்பதாகத்தான் லென்ஸுக்குத் தோன்றும். 8 அங்குலக் குமிழின் ஆரம் சுமார் 10 செண்டிமீட்டர். ஆகவே அடிவானம் வரை உள்ள கடல் முழுவதும் குமிழுக்கு 30 செண்டிமீட்டர் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 4 அங்குலக் குமிழானால் 15 செண்டிமீட்டரிலேயே. அந்தத் தூரத்துக்குப் போகஸ் செய்ய முடியாத லென்ஸ் எத்தனை விலை உயர்ந்ததானாலும் தண்ணீரில் குருடுதான்.

எனவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. "இந்த லென்ஸ் எவ்வளவு கிட்டத்தில் போகஸ் ஆகும்?" என்பதே முதல் கேள்வி.

மீன் கண் லென்ஸ்

இந்தத் தேர்வில் முதலிடம் பெறுவது 'பிஷ் ஐ' எனப்படும் மீன் கண் லென்ஸ். சின்ன சென்சார் காமிராக்களுக்கான டோக்கினா 10-17 மில்லிமீட்டர் லென்ஸ் 14 செண்டிமீட்டரில் போகஸ் ஆகும். பெரிய சென்சார் காமிராக்களுக்கான கேனன் 8-15 லென்ஸ் 15 செண்டிமீட்டரிலும், நிக்கான் 8-15 லென்ஸ் 16 செண்டிமீட்டரிலும் ஆகும். இந்தத் தூரம் காமிராவுக்குள் இருக்கும் சென்சாரிலிருந்து அளக்கப்படுவது. ஆகவே லென்ஸின் முகத்துக்கு வெகு அருகில் உள்ளதும் தெளிவாக விழும்.

மீன் கண் லென்ஸ் நேர்க்கோடுகளை வளைத்துவிடும் என்பது உண்மை. கட்டடத்தையும் ரயில் பெட்டியையும் எடுத்தால் கேலிப்படம் போல இருக்கும். பவளத்தில் நேர்க்கோடு ஏது? அங்கே அந்தக் குறை கண்ணில் படாது.

கோடு வளையாத சாதாரண அகலக் கோண லென்ஸ் கையில் இருப்பவர்கள் அதை விற்றுவிட வேண்டியதில்லை. அதற்குப் பெரிய குமிழ் பூட்டி, லென்ஸின் முகப்பில் 'குளோஸ் அப்' கண்ணாடி ஒன்றைத் திருகினால் கிட்டத்தில் போகஸ் கிடைக்கும். மூழ்கிய கப்பலை எடுக்க அது நல்லது.

மீன் கண் லென்ஸ் வைத்திருப்பவர்கள் அதற்குப் பின்னால் 1.4 மடங்கு டெலி கன்வெர்டர் பூட்டுவதும் உண்டு. சின்னப் பொருள் படத்தில் பெரிதாகும். கிட்டப் போகும் வசதியும் குறையாது. ஆனால் வெளிச்சம் பாதியாகிவிடும்.

குமிழின் அளவு

பெரிய குமிழில் படத்தின் ஓரங்கள் தெளிவாக இருக்கும். பாதி நீர், பாதி வானம் என்று எடுக்கவும் வசதி. ஆனால் கனம், விலை இரண்டும் அதிகம். உள்ளே இருக்கும் காற்றால் மேல் நோக்கித் தூக்கும். 4 அங்குலக் குமிழ் பாறை இடுக்கில் நுழையும். பிளாஷ் விளக்குகளையும் பொருளுக்கு அருகில் கொண்டுபோகலாம். ஓரம் கலங்குவதைத் துவாரத்தைச் சுருக்கி, எப் 8 முதல் எப் 16 வரை வைத்துச் சமாளிக்கலாம். கிட்ட நின்று எடுப்பதே நோக்கமானால் சின்னக் குமிழே சரி.

அக்ரிலிக் குமிழ் மலிவு. அதில் சின்னக் கீறல் விழுந்தால் தண்ணீருக்குள் அவ்வளவாகத் தெரியாது. தேய்த்து மெருகேற்றவும் முடியும். கண்ணாடிக் குமிழில் கீறல் எளிதில் விழாது, விழுந்தால் போகாது.

குமிழுக்கும் பெட்டிக்கும் நடுவே 'எக்ஸ்டென்ஷன் ரிங்' என்ற வளையம் வரும். லென்ஸைக் குமிழின் மையத்துக்குச் சரியாக நிறுத்துவது அதன் வேலை. எந்த லென்ஸுக்கு எத்தனை மில்லிமீட்டர் வளையம் என்று பெட்டி செய்யும் கம்பெனிகளே அட்டவணை தருகின்றன. அதைப் பார்க்காமல் லென்ஸ் வாங்குவது, டிக்கெட் எடுத்தபின் ரயில் எந்த ஊருக்குப் போகிறது என்று விசாரிப்பது போலாகும்.

சின்னப் பட்ஜெட்டுக்கு ஒரு வழி

கையடக்கக் காமிரா வைத்திருப்பவர்களுக்கு 'வெட் லென்ஸ்' இருக்கிறது. இது பெட்டிக்கு வெளியே, தட்டைக் கண்ணாடியின் மேல் திருகுவது. தண்ணீருக்குள்ளேயே கழற்றலாம், மாட்டலாம். ஒரே மூழ்கலில் அகலப் படமும் நெருங்கிய படமும் எடுக்க முடியும். நீரில் இறங்கியதும் ஒருமுறை தளர்த்தி, இடையில் சிக்கிய காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். மாதச் சம்பளக்காரர்களுக்கு இதுவே புத்திசாலித்தனமான தொடக்கம்.

பழைய காமிராச் சந்தையில் 'நிக்கோனாஸ்' கண்ணில் பட்டால் ஆசை வரும். 1963 முதல் 2001 வரை நிக்கான் தயாரித்த, பெட்டியே தேவைப்படாத நீர்க்காமிரா அது. அதன் 15 மில்லிமீட்டர் லென்ஸ் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு வேலை செய்யவே செய்யப்பட்டது, புகழ் பெற்றது. ஆனால் சாதாரணமாகக் கூட வருவது 35 மில்லிமீட்டர் லென்ஸ். அது 80 செண்டிமீட்டருக்குக் கிட்டே போகஸ் ஆகாது. பிலிம் செலவு வேறு. இந்த வேலைக்கு அது உதவாது.

விளக்கும் ரப்பர் வளையமும்

அகலப் படத்துக்கு இரண்டு பிளாஷ் வேண்டும். அவற்றைக் குமிழின் விளிம்புக்குப் பின்னால் இழுத்து, சற்றே வெளிப்புறம் திருப்பி வைக்க வேண்டும். நேராகப் பொருளை நோக்கித் திருப்பினால், மூடுபனியில் இஞ்சின் விளக்குப் போட்ட கதைதான். படம் முழுவதும் வெள்ளைப் புள்ளி. பின்னணிக் கடலின் நிறத்தை ஷட்டர் வேகத்தாலும், முன்னால் உள்ள பவளத்தின் நிறத்தைப் பிளாஷாலும் அமைத்துக்கொள்ளலாம்.

பெட்டியின் மூடியில் இருக்கும் 'ஓ ரிங்' என்ற ரப்பர் வளையம் எல்லாவற்றிலும் மலிவானது, எல்லாவற்றையும் காப்பது. அதில் ஒரு தலைமுடி சிக்கினாலும் கடல் உள்ளே வந்துவிடும். புதுப் பெட்டியை முதலில் காமிரா இல்லாமல் வெறும் பெட்டியாக இறக்கிச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கரையேறியதும் நல்ல தண்ணீரில் ஊற வைக்க வேண்டும்.

முதல் செலவு எது?

எஸ்பிளனேடில் உள்ள காமிராக் கடைகளுக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய செலவு ஒன்று உண்டு. நன்றாக மூழ்கக் கற்பதுதான் அது. கொல்கத்தாவிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் மூன்று நான்கு நாள். விமானத்தில் இரண்டு மணிக்குச் சற்று மேல். அங்கே ஹேவ்லாக் என்று இருந்து 2018-ல் பெயர் மாறிய சுவராஜ் தீவில் பயிற்சி தருகிறார்கள். மன்னார் வளைகுடாவின் பூங்காப் பகுதிக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும்.

ஒரு சாண் தூரத்தில் அசையாமல் மிதக்கத் தெரியாதவர், படமெடுக்கும் ஆசையில் பவளத்தைப் பிடித்துக்கொள்வார்; துடுப்புக் காலால் உதைப்பார். பல ஆண்டு வளர்ந்த கிளை ஒரு நொடியில் முறியும். பவளம் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள உயிர். அதை உடைத்து எடுத்த படம் எத்தனை அழகானாலும் நஷ்டக் கணக்குதான்.

ஆகவே முதலில் பயிற்சி; அடுத்து பெட்டியும் அதற்கேற்ற குமிழும்; பிறகு கிட்டத்தில் போகஸ் ஆகும் லென்ஸ்; அப்புறம் விளக்கு. இந்த வரிசை மாறினால் காசும் போகும், படமும் வராது.

எடுத்த ஒவ்வொரு படத்தோடும் தேதி, இடம், ஆழம் ஆகிய மூன்றையும் குறித்து வைப்பது நல்லது. அடுத்த வருஷம் அதே பாறைக்குப் போய் அதே கோணத்தில் இன்னொரு படம் எடுக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தப் பவளம் வளர்ந்ததா வெளுத்ததா என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.