மூக்கின் மேல் ஒரு நான்ஸ்டிக் தவா

வடை சுட்டு முடித்ததும் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் ஒரு தேய் தேய்ப்பார். எண்ணெய்ப் பிசுக்கு போகாது, பரவும். வாயால் ஊதி இன்னொரு தேய். போன வருடம், ராத்திரியில் எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறிக் கண் கூசுகிறது என்றார். கண்ணில் கோளாறோ என்று பயந்து போனோம். கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நடுவில் சிலந்தி வலை போலக் கீறல்கள். தினமும் துடைத்துத் துடைத்தே வந்தவை.

பெயர்தான் கண்ணாடி. இன்று பெரும்பாலோர் அணிவது பிளாஸ்டிக் லென்ஸ். அதில் பரவலாகப் புழங்கும் சிஆர்-39 என்ற பிளாஸ்டிக் 1940களில் அமெரிக்காவில் உருவானது. எடை கண்ணாடியில் ஏறக்குறையப் பாதி, ஆனால் மென்மையானது. அதனால் மேலே சில மைக்ரான் கனத்துக்கு ஒரு கடினப் பூச்சு, அதன் மேல் ஒளி பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாமல் வழுக்கும் மிக மெல்லிய பூச்சு. கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் ஃப்ளூரின் சேர்ந்த பொருள். நான்ஸ்டிக் தவாவில் இருப்பதும் அந்தக் குடும்பம்தான். அந்தத் தவாவை மணலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்ப்போமா?

உலர்ந்த துணியால் லென்ஸைத் துடைக்கும்போது அதைத்தான் செய்கிறோம். தெருப் புழுதியில் குவார்ட்ஸ் மணல் துகள் உண்டு. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. சமையலறைக் கத்தியின் எஃகையே கீறிவிடும். பாட்டி காலத்தில் பித்தளைக் குடம் மணலால் பளபளத்தது, மணல் மேற்பரப்பைச் சுரண்டியதால். முந்தானையில் ஒட்டியிருக்கும் புழுதியும் சுரண்டத்தான் செய்யும்.

ஆகவே முதலில் தண்ணீர். கைபடாமல் குழாயடியில் காட்டித் துகள்களை ஓடவிட வேண்டும். பிறகுதான் சோப்பு. நெய் படிந்த தட்டு வெறும் தண்ணீரில் போகாது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை எண்ணெயோடு சேரும். எண்ணெயைத் துளித்துளியாகப் பிரித்துச் சூழ்ந்து அழைத்துப் போய்விடும். எண்ணெய்க் குளியலன்று சீயக்காய் நுரை தலைக்குச் செய்வதும் இதுவே. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி போதும். விரல் நுனியால் இரு பக்கமும், லென்ஸ் ஃப்ரேமில் பொருந்தும் விளிம்பிலும், மூக்குத் தாங்கியிலும் மெதுவாகத் தடவுங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்புக் கட்டி வேண்டாம், அதில் தேய்ப்பதற்கென்றே கனிமப் பொடி கலந்திருக்கும். கைக்குக் க்ரீம் சேர்த்த சோப்பு லென்ஸில் படலம் விடும்.

“விலை கூடின கண்ணாடி, இதில்தான் கைரேகை அதிகம் தெரிகிறது” என்று பலர் குறைப்படுவதுண்டு. குறை நியாயம்தான். பூச்சில்லாத பிளாஸ்டிக் லென்ஸின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். அதைக் குறைக்கும் பூச்சுக்கு வழிகாட்டியவர் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மகுலா, ஆண்டு 1935. பூச்சின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதற்குப் பூச்சின் கனம் கணக்காக இருக்க வேண்டும்: ஒரே அடுக்காகப் பூசினால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மைசூர்பாகுக்குப் பாகு பதம் போல, கொஞ்சம் பிசகினாலும் காரியம் கெட்டது. விரல் எண்ணெய் அதன் மேல் படிந்த இடத்தில் அந்தக் கணக்கு தப்பிவிடுகிறது. சுற்றிலும் பளிச்சென்று இருப்பதால் அந்தக் கறை மட்டும் எடுப்பாகத் தெரிகிறது.

வெந்நீர் கூடவே கூடாது. ஈரத் துணியில் வடாம் பிழிந்து மொட்டை மாடியில் காயவைக்கிறோம். காய்ந்த பிறகு துணியை இழுத்தால் துணி நெளியும், வடாம் நெளியாமல் உடைந்து பெயரும். லென்ஸில் துணி என்பது பிளாஸ்டிக், வடாம் என்பது பூச்சு. சூட்டில் பிளாஸ்டிக் நன்றாக விரியும். சிலிக்காவும் உலோக ஆக்சைடுகளும் சேர்ந்த பூச்சு அவ்வளவு விரியாது. விளைவு, மயிரிழை வெடிப்புகள். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டு, அடுப்பு மேடை, சித்திரை மதியம் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் எல்லாமே இதைச் செய்யும். அந்த நேரத்தில் வாளித் தண்ணீரே நல்லது.

கழுவியதைத் தானாகக் காயவிடாதீர்கள். போர்வெல் தண்ணீர் உலர்ந்தால் எவர்சில்வர் டம்ளரில் வெள்ளைப் புள்ளி விழுமே, அதே உப்பு லென்ஸிலும் படியும். உதறிவிட்டு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றுங்கள். தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய அதன் இழைகளுக்கு இடையில் ஈரமும் எண்ணெயும் ஏறிக்கொள்ளும். அந்தத் துணியையும் அடிக்கடி சோப்பில் அலச வேண்டும், துணி மென்மையாக்கி சேர்க்காமல்.

விழுந்த கீறலுக்குப் பற்பசை, சமையல் சோடா என்று பக்குவம் சொல்பவர்களைக் கேட்காதீர்கள். இரண்டும் தேய்க்கும் பொடிதான், மிஞ்சியிருக்கும் பூச்சையும் சுரண்டிவிடும். அம்மாவுக்குப் பழைய ஃப்ரேமிலேயே புது லென்ஸ் போட்டோம். குழாயடியில் கரித்துணி தொங்கும் ஆணிக்கு எட்டத் தள்ளி இன்னோர் ஆணி அடித்து, மைக்ரோஃபைபர் துணியை மாட்டியிருக்கிறார். அதில் கை துடைக்க யாரையும் விடுவதில்லை.