பொறியியல் கல்வியில் செயல்வழிக் கற்றலும் பல்துறைக் கற்றலும்

பொறியியல் கல்வியில் செயல்வழிக் கற்றல் என்பது, மாணவர் ஒரு கருத்தைக் கேட்டும் படித்தும் அறிவதோடு நில்லாமல், அளந்தும் செய்தும் பிரித்தும் பழுது நீக்கியும் அதைக் கற்றுக்கொள்ளும் முறையாகும். பல்துறைக் கற்றல் என்பது, ஒரே சிக்கலை இயந்திரவியல், மின்னியல், வேதியியல், பொருளியல், சமூகவியல் போன்ற பல துறைகளின் அறிவைச் சேர்த்துத் தீர்க்கப் பழகுவதாகும். இவ்விரண்டும் தனித்தனிக் கருத்துகள் என்றாலும் நடைமுறையில் ஒன்றையொன்று இழுத்து வருகின்றன. உண்மையான ஒரு பொருளைச் செய்யத் தொடங்கும் மாணவர் தம் துறையின் எல்லைக்குள் நின்று அதை முடிக்க முடிவதில்லை. ஒரு நீரேற்றிக்குக்கூட உலோகம், மின்சாரம், நீரியல், விலை, அதைப் பயன்படுத்தும் உழவரின் வசதி ஆகிய அனைத்தும் தேவைப்படுகின்றன.

தமிழ்நாட்டில் பொறியியல் பட்டம் பெறுவோர் தொகை மிகுதி. அவர்களுள் பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். கல்விக்கடன் வாங்கிப் படித்தவர்களும் உண்டு. நான்கு ஆண்டுகள் படித்த பின்னும் ஒரு பொருளைச் செய்யவோ சிக்கலைப் பகுத்துப் பார்க்கவோ இயலாமல் போனால், அந்த இழப்பு மாணவரோடு நின்றுவிடாமல் அவர் வீட்டையும் சேர்கிறது. இதனால் கற்பிக்கும் முறை பற்றிய பேச்சு இங்கு வாழ்வாதாரம் பற்றிய பேச்சாகவும் இருக்கிறது.

தமிழ்நாட்டு வரலாறு

நில அளவைப் பள்ளி

சென்னையில் 1794 இல் தொடங்கப்பட்ட நில அளவைப் பள்ளியே இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் மூலம். நிலத்தை அளந்து வரைபடம் வரையும் வேலைக்கு ஆள் பழக்குவது அதன் நோக்கமாக இருந்தது. பாடமும் வேலையும் அங்கே வேறு வேறாக இருக்கவில்லை. 1859 இல் அது கட்டுமானப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. 1920 இல் கிண்டி வளாகத்துக்கு மாறியது. பட்டப்படிப்பும் பல்கலைக்கழகத் தேர்வும் வலுப்பெற்ற பின், எழுத்துத் தேர்வின் எடை கூடி, பட்டறையின் எடை குறைந்தது.

கோயம்புத்தூர் முயற்சிகள்

தொழிலதிபரும் கண்டுபிடிப்பாளருமான ஜி. டி. நாயுடு 1945 இல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பப் பயிலகத்தையும் பொறியியல் கல்லூரியையும் உருவாக்கினார். நான்காண்டுப் பொறியியல் படிப்பு காலவிரயம் என்றும், பட்டறையை நடுவில் வைத்துக் கற்பித்தால் இரண்டு ஆண்டுகளே போதும் என்றும் அவர் வாதிட்டார். அன்றைய அரசு இதை ஏற்கவில்லை. அவர் பொறுப்பிலிருந்து விலகினார். இரண்டு ஆண்டுகள் போதுமா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. எனினும், மாணவரின் நேரம் எதில் செலவாகிறது என்ற அவருடைய கேள்வி பழையதாகிவிடவில்லை.

அதே நகரில் பூ. சா. கோ. அறநிலையத்தார் 1926 இல் தொழிற்பயிலகம் ஒன்றைத் தொடங்கினர். 1951 இல் அதே வளாகத்தில் பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. மோட்டார், நீரேற்றி, இயந்திரக் கருவி ஆகியவற்றை விற்பனைக்குத் தயாரிக்கும் தொழிற்கூடம் கல்லூரியின் சுவருக்கு உள்ளேயே இருந்தது இதன் தனிச்சிறப்பு. வகுப்பும் தொழிற்கூடப் பணியும் மாறிமாறி வரும் ஐந்தாண்டு 'சாண்ட்விச்' பொறியியல் படிப்பும் இங்கு நடத்தப்படுகிறது.

குரோம்பேட்டை

சி. இராஜம் 1949 இல் குரோம்பேட்டையில் நிறுவிய மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனம், வானூர்தி, தானுந்து, மின்னணு, கருவியியல் என அன்று பிற கல்லூரிகளில் அரிதாயிருந்த துறைகளைக் கற்பித்தது. அங்குப் படித்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி தமக்கும் நான்கு மாணவர்களுக்கும் தரப்பட்டதைத் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். காற்றியக்க வடிவம் அவர் பொறுப்பு. உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவை மற்றவர்களுடையவை. வேலை மந்தமாக இருப்பதைக் கண்ட பேராசிரியர் சீனிவாசன் மூன்று நாள் கெடு வைத்தார். கலாம் அதற்குள் முடித்துக் காட்டினார். ஒருவர் மாற்றும் ஒரு கோடு மற்ற நால்வரின் கணக்கையும் மாற்றும் என்பதே இத்தகைய பணியில் கிடைக்கும் முதன்மையான பாடம்.

பிற்கால மாற்றங்கள்

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2006 இல் பொறியியல் வடிவமைப்புத் துறையும், 2008 இல் மாணவர்களே நடத்தும் புத்தாக்க மையமும் தொடங்கின. பொறியியல் பட்டங்களைத் தங்களுக்குள் ஏற்கும் வாசிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014 இல் முழு உறுப்பினரானது. இதன்பின், எவ்வளவு பாடம் நடத்தப்பட்டது என்பதைவிட மாணவரால் என்ன செய்ய முடிகிறது என்பதைக் காட்டும்படி கல்லூரிகள் கேட்கப்படுகின்றன. குழுவாக வேலை செய்தல், சமூகம், சுற்றுச்சூழல், அறநெறி ஆகியவையும் அந்தப் பயன்களின் பட்டியலில் உள்ளன. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் 2018 இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் மொத்த மதிப்பலகுகளை 160 ஆகக் குறைத்து, தொழிற்பயிற்சிக்கு இடம் ஒதுக்கியது.

அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் முதலாண்டு மாணவர் எல்லாத் துறையினரும் தச்சு, குழாய்வேலை, வெல்டிங், மின்கம்பி இணைப்பு போன்றவற்றைப் பழகும் பட்டறைத் தாள் உண்டு. 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்னும் தாள்களும் அண்மையில் சேர்க்கப்பட்டுள்ளன. தமிழக அரசு 2022 இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் திறன் பயிற்சிகளைக் கல்லூரிகளுக்குக் கொண்டு சென்றது.

உலக அளவில் சில முன்மாதிரிகள்

டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974 இல் தொடங்கிய நாள்முதல், சிக்கலை முன்வைத்து, குழுத்திட்டப் பணி வழியே கற்பிக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் மூன்று சுவீடன் பல்கலைக்கழகங்களும் 2000 ஆம் ஆண்டு வாக்கில் சேர்ந்து வகுத்த முறை, 'எண்ணு, வடிவமை, செய், இயக்கு' என்னும் நான்கு நிலைகளைக் கொண்டது. ஒரு பொருளின் முழு வாழ்நாளையும் மாணவர் காண வேண்டும் என்பது இதன் அடிப்படை. இந்தியக் கல்லூரிகளின் இறுதியாண்டுத் திட்டப்பணியில் பெரும்பாலும் முதல் மூன்று நிலைகளே இடம்பெறுகின்றன. செய்த பொருளை ஆறு மாதம் ஓட்டிப் பார்த்து, எது தேய்ந்தது, எது உடைந்தது என்று காணும் நான்காம் நிலை அரிது.

உள்ளூர்ச் சிக்கல்களே பாடமாதல்: இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரம்

பெருநகர ஆய்வகங்களில்தான் இத்தகைய கல்வி இயலும் என்ற எண்ணம் உண்டு. விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதி இதற்கு மாறான எடுத்துக்காட்டு. இராசபாளையத்தில் 1963 இல் தொடங்கிய பி. ஏ. சி. இராமசாமி ராஜா தொழில்நுட்பப் பயிலகமும், 2013 இல் தொடங்கிய ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரியும், திருவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984 இல் தொடங்கிப் பின்னர் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கலசலிங்கம் நிறுவனமும் இங்கு உள்ளன. அவற்றைச் சுற்றி நூற்பாலைகள், சத்திரப்பட்டியின் மருத்துவத் துணித் தறிகள், பால்கோவாக் கடைகள், சற்றுத் தள்ளிச் சிவகாசியின் அச்சகங்களும் பட்டாசு ஆலைகளும் இருக்கின்றன. இவற்றிலிருந்து எடுக்கத்தக்க மூன்று பயிற்சிகள் கீழே விளக்கப்படுகின்றன.

பால்கோவா அடுப்பு

திருவில்லிபுத்தூர் பால்கோவா 2019 இல் புவிசார் குறியீடு பெற்றது. பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீர். 10 லிட்டர் பாலைக் காய்ச்சி 7 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும் என்று கொள்வோம். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2.26 மெகாஜூல் வெப்பம் வேண்டும். 7 கிலோவுக்கு 15.8 மெகாஜூல். பாலை முதலில் கொதிநிலைக்குக் கொண்டுவர இன்னும் 2.8 மெகாஜூல். மொத்தம் 18.6 மெகாஜூல். ஒரு கிலோ காய்ந்த விறகு ஏறத்தாழ 15 மெகாஜூல் தரும். எனவே வெப்பம் முழுவதும் சட்டியில் இறங்கினால் ஒன்றேகால் கிலோ விறகே போதும். ஐந்தில் ஒரு பங்கு மட்டும் இறங்கும் அடுப்பில் 6 கிலோவுக்கு மேல் வேண்டும்.

மாணவர் செய்ய வேண்டியது, உண்மையான அடுப்படிக்குச் சென்று விறகை எடைபோட்டு இந்தக் கணக்கைச் சரிபார்ப்பது. அப்போது புத்தகத்தில் இல்லாத கேள்விகள் எழும். அடுப்பின் வாயைக் குறுக்கினால் விறகு மிச்சமாகும், ஆனால் சுவை மாறுமா? துடுப்பு போட்டுக் கிண்டுபவரின் தோள்வலிக்கு மோட்டார் தீர்வா? அந்த மோட்டாரின் விலையைச் சிறு கடை தாங்குமா? புகை எங்கே போகிறது, அதை மூச்சில் இழுப்பவர் யார்? வெப்பவியலில் தொடங்கிய பயிற்சி உணவு வேதியியல், உடல்நலம், கணக்கு வழக்கு ஆகியவற்றைத் தொட்டே முடிகிறது.

மருத்துவத் துணி

பஞ்சின் மேல் இயற்கையாக ஒரு மெழுகுப் படலம் இருப்பதால் அது நீரை எளிதில் உறிஞ்சாது. கட்டுத்துணியாக வேண்டுமானால் காரக் கரைசலில் கொதிக்கவைத்து மெழுகை நீக்கி, வெளுக்க வேண்டும். இதைச் சோதிக்க விலைமிக்க கருவி தேவையில்லை. ஒரு பாத்திரம் நீரும் ஒரு கடிகாரமும் போதும்: நன்கு வெளுத்த பஞ்சு சில விநாடிகளில் மூழ்கும், கச்சாப் பஞ்சு மிதந்துகொண்டே இருக்கும். ஆனால் வெளுத்தபின் எஞ்சும் காரநீர் எங்கே செல்கிறது என்ற கேள்வி, வேதியியல் மாணவரையும் கட்டுமானப் பொறியியல் மாணவரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருகிறது. நீர் அரிதான மாவட்டத்தில் இது தேர்வு வினாவாக மட்டும் இருக்க முடியாது.

நகரா மண்டபங்கள்

திருவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் வைத்தியநாதசுவாமி கோயில் உள்ளது. இங்கு வழிபட்டுத் திருமலை நாயக்கரின் வயிற்றுநோய் தீர்ந்தது என்றும், அதன்பின் அவர் இக்கோயிலின் உச்சிக்கால பூசை முடிந்த செய்தி மதுரைக்கு வந்தபிறகே உணவு கொண்டார் என்றும், அதற்காக வழிநெடுக மண்டபங்களில் நகரா முழக்கப்பட்டது என்றும் இவ்வட்டாரத்தில் சொல்வர். இது செவிவழிச் செய்தி; ஆயினும் நல்ல பொறியியல் கணக்கு.

மதுரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவு. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்வதால் பயண நேரம் மட்டும் மூன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஒரு மண்டபம் என்று வைத்தால் 50 அஞ்சல்கள். ஒவ்வொன்றிலும் கேட்டு அடிக்க 2 விநாடி எனில் மேலும் 100 விநாடி. ஆக, செய்தி ஐந்தேகால் நிமிடத்தில் சேர்ந்துவிடும். இங்கு வேகத்தைவிட நம்பகம்தான் பெரிய சிக்கல். ஒவ்வொரு மண்டபமும் நூற்றுக்கு 99 முறை சரியாகக் கடத்தினாலும், 50 மண்டபங்களும் ஒருசேரத் தவறாமல் கடத்தும் வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடே. மாணவர்கள் திறந்த வெளியில் வரிசையாக நின்று பறை அடித்து நேரம் குறித்தால், ஒலியியலும் நிகழ்தகவும் தகவல்தொடர்பும் அரை நாளில் விளங்கும்.

மதிப்பீடு

செயல்வழிப் பணியைக் குறிப்பேட்டின் அழகை வைத்து மதிப்பிட்டால் பழைய முறையே திரும்பி வரும். பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அளவீடுகள் வருமாறு:

- மாணவர் சிக்கலைத் தம் சொற்களில் வரையறுத்தாரா?
- அளவீடுகளை எப்படி எடுத்தார், பிழை எவ்வளவு என்று சொல்ல முடிகிறதா?
- முதல் வடிவம் ஏன் சரிவரவில்லை, இரண்டாவதில் என்ன மாற்றினார்?
- குழுவில் பிறர் செய்த பகுதியையும் விளக்க முடிகிறதா?
- பொருளைப் பயன்படுத்துபவர் என்ன சொன்னார்?

நான்காவது கேள்வி முக்கியமானது. ஒருவர் உழைக்க மற்றவர் மதிப்பெண் பெறும் குழுவை அது வாய்மொழித் தேர்விலேயே காட்டிவிடும்.

நடைமுறைத் தடைகள்

இணைப்புக் கல்லூரிகளில் பாடத்திட்டமும் தேர்வும் பல்கலைக்கழகத்தால் வகுக்கப்படுவதால், ஆசிரியர் விரும்பினாலும் உள்ளூர்ச் சிக்கலுக்கு நேரம் ஒதுக்குவது கடினம். ஒரு துறையின் ஆய்வகத்தை வேறு துறை மாணவர் பயன்படுத்த அட்டவணை இடம் தருவதில்லை. கணினி வேலைகளுக்கே ஆளெடுப்பு மிகுதி என்பதால், பட்டறையில் செலவிடும் நேரத்தைப் பெற்றோரும் மாணவரும் வீண் என்று கருதுவதுண்டு. இறுதியாண்டுத் திட்டப்பணியைக் கடைகளில் விலைக்கு வாங்கும் வழக்கம் இதன் விளைவுகளுள் ஒன்று.

மொழியும் ஒரு தடை. பட்டறையில் லேத்து, சல்லடை, பிசிறு, ஆணி, திருகு என்று பேசும் அனுபவமிக்க தொழிலாளிக்கும், ஆங்கிலப் பாடநூலை மனப்பாடம் செய்த மாணவருக்கும் இடையே பாலம் குறைவு. அண்ணா பல்கலைக்கழகம் 2010 இல் கட்டுமானவியல், இயந்திரவியல் ஆகியவற்றைத் தமிழ்வழியிலும் தொடங்கியது. தமிழ்வழியோ ஆங்கிலவழியோ, தறிக்காரரிடமும் கொத்தனாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் பாடத்தின் பகுதியாகாவிட்டால் இந்த இடைவெளி நீடிக்கும்.

செலவு பெரிய தடையாகச் சொல்லப்பட்டாலும், மேலே கண்ட மூன்று பயிற்சிகளுக்கும் தேவைப்படுபவை தராசு, வெப்பமானி, கடிகாரம், நடந்து செல்லும் மனம் ஆகியவையே. ஆனால் ஆசிரியரின் நேரம் இலவசம் அன்று. விடை முன்கூட்டியே தெரியாத வகுப்பை நடத்த அவருக்குப் பயிற்சியும், பணிச்சுமைக் கணக்கில் அந்த நேரத்துக்கு இடமும் வேண்டும். கருவிகள் வாங்கியும் இவ்விரண்டையும் தராத கல்லூரிகளில் அக்கருவிகள் பெரும்பாலும் ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டுமே திறக்கப்படுகின்றன.