உங்களுக்குத் தெரியுமா? பென்சில் முனையில் ஒரு முகம்

ஃபோட்டோஷாப் விற்பனைக்கு வந்தது 1990-இல்தான். முகத்தைத் திருத்தும் கலை அதைவிட மிகப் பழையது. 1855 பாரிஸ் கண்காட்சியிலேயே, மியூனிக் நகரத்துப் புகைப்படக்காரர் ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல் டச்சப் செய்த படத்தையும் செய்யாத படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

ஹாலிவுட் நடிகை ஜோன் க்ராஃபோர்டுக்கு முகமெல்லாம் பழுப்புப் புள்ளிகள். 1931-இல் புகைப்படக்காரர் ஜார்ஜ் ஹரெல் எடுத்து வெளிவந்த படத்தில் அவற்றைக் காணவே முடியாது! முகத்தில் கருத்திருக்கும் புள்ளி, நெகட்டிவில் வெளிறித் தெரியும். அந்த இடத்தை மட்டும் கூர்மையான பென்சிலால் மெல்ல மெல்ல நிரப்பினால், பிரிண்டில் புள்ளி தோலோடு கலந்துவிடும். ஜேம்ஸ் ஷார்ப் என்ற கலைஞர் மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை இது. திருத்தாத படமும் இன்று பார்க்கக் கிடைக்கிறது. அந்தப் புள்ளி முகத்தில்தான் உயிர் அதிகம்.