கங்கைக் கரையில் ஒரு தமிழ் மடம்

சமயப் பெரியோர் பலர் நம் நாட்டில் தோன்றியுள்ளனர். பாடல்களை விட்டுச் சென்றோர் உளர். கொள்கைகளை விட்டுச் சென்றோர் உளர். அடியார் கூட்டத்தை விட்டுச் சென்றோரும் உளர். இவற்றோடு, வேற்றுமொழி வழங்கும் நாட்டில், பின்வருவார் தங்குதற்குரிய ஓர் இடத்தையும் அமைத்துச் சென்றவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் குமரகுருபர சுவாமிகள். தமிழகத்தை விட்டு வந்து வாழும் நம்மனோர்க்கு அவர் வரலாறு சிறப்பாக உரியது.

தாமிரபருணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில் சண்முகசிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தவர் அவர். ஐந்து வயது வரை பேச்சின்றி இருந்த அக்குழந்தை, திருச்செந்தூர் முருகன் திருவருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பாவைப் பாடியது என்பது வழிவழியாக வரும் செய்தி. பின்னர் மதுரையை அடைந்து, 1623 முதல் 1659 வரை அரசாண்ட திருமலை நாயக்கர் முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றினார். அரசனின் மதிப்பும் புலவரின் பாராட்டும் ஒருங்கே கிடைத்த இடம் அது. அங்கேயே இருந்து புகழோடு வாழ்ந்திருக்கலாம். சுவாமிகளோ குருவை நாடிச் சென்றார். மாயூரத்தை அடுத்த தருமபுர ஆதீனத்தில் மாசிலாமணி தேசிகரை அடைந்து துறவு பூண்டார். அதன்பின் வடக்கு நோக்கிப் புறப்பட்டார்.

இருப்புப் பாதை இல்லாத காலம் அது. காடும் மலையும் ஆறும் கடந்து, நாட்டுக்கு நாடு மாறும் மொழிகளைக் கேட்டுக்கொண்டே செல்லவேண்டும். காசி அந்நாளில் முகலாயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அங்கே ஒரு மடம் அமைத்தற்கு ஆட்சியாளரின் இசைவு வேண்டும். ஆனால் அவர்கள் பேசும் மொழி சுவாமிகளுக்குத் தெரியாது. அந்நிலையில் அவர் கலைமகளை வேண்டிப் பத்துப் பாடல்கள் பாடினார் என்றும், இந்துஸ்தானி மொழியில் வல்லமை பெற்று ஆட்சியாளரோடு நேரே உரையாடினார் என்றும், அவர் மனம் மகிழ்ந்து இடம் அளித்தார் என்றும் மரபு கூறுகிறது. சிங்கத்தின்மீது ஏறி அவைக்குச் சென்றார் என்னும் கதையும் இதனோடு சேர்ந்து வழங்குகிறது. அவருக்குத் துணை நின்றவர் இளவரசர் தாரா ஷுகோ என்று கூறுவாரும் உளர். காசிப் பண்டிதர்களின் துணைகொண்டு 1657இல் உபநிடதங்களைப் பாரசீக மொழியில் ஆக்கித் தந்தவர் அவ்விளவரசர்.

அன்று பாடப்பெற்ற அப்பத்துப் பாடல்களே சகலகலாவல்லி மாலை. நவராத்திரி நாட்களில், கொலுவின் முன் அமர்ந்து நம் பெண்மக்கள் பாடும் நூல் அது. பிள்ளைகள் தேர்வில் தேறவேண்டும் என்று அதைப் பாடச் செய்யும் தாய்மாரும் உண்டு. ஊர்விட்டு வந்த தமிழர் ஒருவர், வந்த ஊரின் மொழியைக் கற்கவேண்டிய நெருக்கடியில் பாடியது அது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? புதிய மொழியை வேண்டிய அந்த வேண்டுகோள் தூய தமிழில் அமைந்தது என்பதே அதன் அழகு.

காசியில் சுவாமிகள் கம்பராமாயணத்தை இந்துஸ்தானியில் விரித்துரைத்தார் என்றும், துளசிதாசர் அதனைக் கேட்டார் என்றும் ஒரு செய்தி உண்டு. இதன் பிற்பகுதி காலத்தோடு பொருந்துவதன்று. துளசிதாசர் மறைந்தது 1623இல். சுவாமிகள் காசிக்குச் சென்றதோ மதுரையில் திருமலை நாயக்கரைக் கண்ட பின்னர். பெரியோரின் பெருமைக்கு இத்தகைய கதைகள் தேவையில்லை. கண்முன் நிற்கும் பணியே போதிய சான்றாகும்.

கேதார கட்டத்தில் குமாரசாமி மடத்தை நிறுவினார். கேதாரேசுவரர் கோயிலைப் புதுப்பித்தார். காசிக் கலம்பகம் முதலிய நூல்களைக் கங்கைக் கரையிலிருந்தே தமிழில் இயற்றினார். இறுதியில் காசியிலேயே சிவனடி சேர்ந்தார். இன்றும் படகில் செல்வோர், செந்நிறமும் வெண்ணிறமும் மாறிமாறித் தீட்டிய கோயில் மதிலைக் கண்டவுடனேயே, இது நம் நாட்டுக் கோயில் என்று அறிந்து கைகூப்புவர். அக்கோயில் அம்மடத்தின் பொறுப்பிலேயே இருந்து வருகிறது.

நிறுவியவர் மறைந்த பின் நிறுவனங்கள் மங்குவதே உலகியல்பு. இம்மடம் அவ்வாறு மங்கவில்லை. வழிவந்தவருள் ஒருவராகிய தில்லைநாயக சுவாமிகள் 1720இல் சோழநாட்டுத் திருப்பனந்தாளில் காசி மடத்தை அமைத்தார். தலைமை இடம் தெற்கே வந்தபோதும் காசியிலுள்ள மடத்தைக் கைவிடவில்லை; அதன் நினைவாகத் தலைவர்கள் இன்றும் ‘காசிவாசி’ என்னும் பட்டத்தைத் தாங்குகின்றனர். வித்துவான் தேர்வில் முதன்மையாகத் தேறியவர்க்கு ஆயிரம் ரூபாய்ப் பரிசளித்து அம்மடம் தமிழ்க் கல்வியை ஊக்கியது. உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த குமரகுருபரர் பிரபந்தத் திரட்டு 1939இல் வெளிவந்ததும் அம்மடத்தின் ஆதரவினாலேயே.

நம் குடும்பங்களில் இருவகைக் கருத்துகளைக் கேட்கிறோம். “இந்த ஊர் மொழியில் பிள்ளை முன்னேறினால் போதும்; தமிழ் எதற்கு?” என்பார் ஒரு சாரார். “தமிழ் ஒன்றே போதும், இவ்வூரார் மொழி நமக்கு எதற்கு?” என்று பத்தாண்டுகள் வாழ்ந்தும் அண்டை வீட்டாரோடு நான்கு வார்த்தை பேசாதிருப்பார் மற்றொரு சாரார். முன்னவரின் பேரப்பிள்ளைகள் பாட்டியின் கடிதத்தைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்பர். பின்னவர் வாழும் ஊரிலேயே விருந்தினராக வாழ்ந்து முடிவர். சுவாமிகள் இரண்டு வழியையும் கொள்ளவில்லை. அவ்வூர் மொழியை அவ்வூராரோடு பழகுதற்குக் கற்றார். தம் மொழியில் தம் இறைவனைப் பாடினார். ஒன்று மற்றொன்றுக்கு இடையூறாக இருக்கவில்லை.

மேலும் ஒன்று. தாம் பட்ட இடர்ப்பாட்டைத் தமக்குப் பின் வருவோர் படலாகாது என்று எண்ணியே அவர் மடத்தைக் கட்டினார் என்று கொள்ளலாம். நம் சங்கங்களின் நூலகங்களும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புகளும் அளவால் சிறியன. ஆயினும் நோக்கத்தால் அதே இனத்தவை. இவ்வாண்டு நவராத்திரியில் சகலகலாவல்லி மாலையைப் பாடும் குழந்தைகளுக்கு, அது பிறந்த வரலாற்றையும் சொல்லுவோமாக. சொல்லி முடித்த கையோடு, அவர்களைத் தமிழ் வகுப்புக்கும் அழைத்து வருவோமாக.